தொண்ணூற்றெட்டு நாளும் தூளித் தசையும்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியால் நாடறிந்த ஊர் ஜுரு. விடியுமுன் இவ்வட்டாரத்திலிருந்து புக்கிட் மிஞ்ஞாக், பிறை தொழிற்பேட்டைகளுக்குப் புறப்படும் ஆலைப் பேருந்துகளில் செல்லும் பெண்களுள், வீட்டுப் படி இறங்குமுன் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாதவர் உண்டு. பேருந்து மேடுபள்ளத்தில் குலுங்கினாலோ, இருமல் வந்தாலோ, பக்கத்து இருக்கைத் தோழி சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடும் என்ற அச்சமே காரணம். ஆலைக்குள் சென்றபின், வேலை வரிசையை விட்டுக் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் எத்தனை முறைதான் தலை சொறிந்து நிற்பது? ஆகவே நாவறட்சியோடு நாளைக் கழிக்கின்றனர். நீர் குறைந்து அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி, அவசரத்தை மேலும் கூட்டக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

தலையங்கம் தீட்ட இது தக்க பொருளோ என ஐயுறும் அன்பர்கள் இருக்கலாம். வரவு செலவுத் திட்டமும் கட்சிப் பூசலும் ஆராயப்படும் இடத்தில் பெண்ணின் இடுப்படியைப் பற்றிப் பேசுவதா என முகம் சுளிக்கலாம். அச்சுளிப்பும் இந்நோய் வளர்ந்ததற்குக் காரணம் என்று கருதுவதாலேயே இதனை இங்கு எழுதுகிறோம்.

செபராங் பிறை மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர் கால் வைத்தனர். பின்னர் ரப்பர் வந்தது. பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்கு நின்று, இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டி, காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளி தொங்கத் தோளில் சுமந்த பெண்கள், பிள்ளை பெற்ற உடல் தேறுமுன்னே குழந்தையை ஆயாக் கொட்டகைத் தூளியில் இட்டுவிட்டு மறுபடியும் அச்சுமையைத் தோளேற்றினர். ஐந்தும் எட்டும் பெற்ற வயிறுகள் அவை. அவர்களுள் அடி இறங்கியவர்கள் இருந்தனர். தமிழில் அடி இறக்கம் என்றும், அண்டை வீட்டு மலாய்ப் பெண்களின் நாவில் பெரானாக்கான் ஜாத்து என்றும் வழங்கும் இந்நோயில், கருப்பை தன் நிலையினின்று தாழ்ந்து பிறப்பு வழியே பிதுங்கும். துணியைச் சுருட்டி வைத்துத் தாங்கியபடியே மறுநாளும் வேலைக்குப் போன கதைகளைப் பாட்டிமார் மருமகள் காதோடு மட்டும் சொல்லிச் சென்றனர். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ரப்பர் பாலின் எடை இருந்தது. இதற்கு அதில் இடமில்லை.

பெண்களிடம் கேட்டறிய முன்வந்த இடங்களில் வெளிப்பட்டது திகைக்கச் செய்வது. மகாராட்டிரத்துக் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பங்கும் உடன்பணியாற்றியோரும் 2 சிற்றூர்களில் 650 பெண்களைச் சோதித்து, 1989இல் லான்செட் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். 100க்கு 92 பேருக்கு மகளிர் நோய் ஒன்றேனும் இருந்தது; அதற்கு முன் அத்தகைய சோதனையைக் கண்டவர் 100க்கு 8 பேரே. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தோன்றிய ருவ்செக் என்னும் ஊரகப் பெண்கள் அமைப்பு, அடி இறங்கிய பெண்களின் பட்டறிவை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிந்தது. நேபாளத்தில் அடி இறக்கம் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இந்நோயைக் கவனியாது விடுவது பெண்ணின் இனப்பெருக்க நல உரிமையை மீறுவதாகும் என 2008இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் மறைக்க வேண்டிய செய்தி என எண்ணப்பட்டதை அரசு விடையளிக்க வேண்டிய செய்தியாக மாற்றிய தீர்ப்பு அது.

கசிவுக்கும் அடி இறக்கத்துக்கும் இருப்பிடம் ஒன்றே; அதை அறிவது கடினமன்று. இடுப்புக் கூட்டின் அடியில், முன்புற எலும்பு முதல் வாலெலும்பு வரை, தூளி கட்டியதுபோல் ஒரு தசை விரிந்து தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றுக்கும் அதுவே தாங்கல். குழந்தையின் தலை வெளிப்படும் வேளையில் அத்தசையின் உட்பகுதி இயல்பு நீளத்தைப்போல் மும்மடங்குக்கும் மேல் நீள்கிறதெனக் கணினி வழி ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். பந்தாட்டக்காரரின் தொடைத் தசை இதில் ஒரு பங்கு இழுபட்டால் மருத்துவக் குழு ஓடி வரும். நாளிதழ்கள் அவர் நலம் கேட்கும். பிள்ளை பெற்றவளுக்குக் கிடைப்பது பூண்டுக் குழம்பும் வயிற்றுக் கட்டும்தான். பத்தியத்தை இகழ்வது எம் நோக்கமன்று. ஓய்வும் சூடான உணவும் உற்றார் துணையும் தாய்க்குத் தேவையே. ஆயினும் துணிக்கட்டு வயிற்றைப் பிடித்து நிறுத்தலாமே அன்றி, அடியில் நைந்த தசைக்கு வலிமை ஊட்டாது. மலாய்த் தாய்மாரின் பெங்குங் கட்டுக்கும் இதுவே பொருந்தும்.

அத்தசைக்கு வலிமை ஊட்டும் முறை புதிதன்று. இலண்டனில் மின்னி ராண்டல் என்னும் இயன்முறை மருத்துவரும் மார்கரெட் மாரிஸ் என்னும் நடனக் கலைஞரும் இணைந்து 1936இலேயே தாய்மார்க்கான பயிற்சி நூலை வெளியிட்டனர். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் தம் கட்டுரையை வெளியிட்டு, தசையின் பிடியை அளக்கும் கருவியையும் அமைத்தார். உலகம் அவர் பெயரையே பயிற்சிக்குச் சூட்டிக்கொண்டது. நடனக் கலைஞரை மறந்தது. 2018இல் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்களுள், இப்பயிற்சி பெற்றோரில் 100க்கு 56 பேர் நலமடைந்ததாகக் கூறினர். பெறாதோரில் 6 பேரே. மாத்திரையின்றி, கத்தியின்றி இவ்வளவு பயன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் மிகுதியாக இல்லை.

அவ்வாறாயின் ஒரு துண்டறிக்கை அச்சிட்டு வழங்கிவிடலாமே என்பார் உளர். அதைத்தான் நாம் மறுக்கிறோம். 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழியில் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் செய்வதைக் கருவியால் அளந்தனர். முறையாகச் செய்தோர் பாதிப் பேர்கூட இல்லை. நால்வரில் ஒருவர் தசையை மேலே இழுப்பதற்கு மாறாகக் கீழ்நோக்கி முக்கினார். அது கசிவை மிகுவிக்கக்கூடியது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த அறிவுரையே நால்வரில் ஒருத்தியின் நோயை வளர்த்திருக்கக்கூடும். சிறுநீர் கழிக்கையில் இடையே நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள் என்று இன்றும் வாட்சாப்பில் உலவும் குறிப்பும் இத்தகையதே. தசையை இனங்காண ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். அதையே நாள்தோறும் பயிற்சியாகக் கொள்ளல் தவறு.

ஆகவே ஓர் ஆள் வேண்டும். பிசியோதெரபி என நாம் பேச்சில் வழங்கும் இயன்முறை மருத்துவத்தில், இத்துறைக்கெனப் பயின்ற பெண் ஒருவர் கதவடைத்த அறையில் முதலில் காது கொடுத்துக் கேட்பார். எத்தனை மகப்பேறு, கிழிந்து தையல் போட்டதுண்டா, மலச்சிக்கல் உண்டா, தொழிலில் எடை தூக்குவதுண்டா என்று வினவுவார். 3 நாள் அருந்திய நீரையும் கழித்த நீரையும் குறித்து வரச் சொல்வார். பின்னர் நோயாளியின் இசைவு பெற்று, கையுறையிட்ட விரலால் தசையின் பிடியைச் சோதிப்பார். அதற்கு உடன்படாதவர்க்கு, அடிவயிற்றின்மேல் ஒலியலைக் கருவியை வைத்துத் திரையில் தசை அசைவதைக் காட்டும் வழியும் உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் கூறும் அளவு இது: ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை சுருக்கி விடுதல், நாளுக்கு 3 வேளை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம். தும்மல் வரும் கணத்துக்கு முன்னே தசையை இறுக்கிக்கொள்ளும் சிறு உத்தியையும் கற்பிப்பார். பேருந்திலும் ஆலையிலும் பெண்ணுக்கு முதலில் கைகொடுப்பது அவ்வுத்தியே.

எல்லாப் பெண்களையும் இறுக்கு, இறுக்கு என்று ஏவுவதும் அறியாமை. தசை தளர்ந்தோர் ஒரு சாரார். அது எந்நேரமும் இறுகிக் கிடப்பதால் உடலுறவில் வலியும் இடுப்படியில் ஓயாத நோவும் உறுவோர் வேறொரு சாரார். இவர்க்குத் தேவை தசையைத் தளர்த்தவும் மூச்சோடு விடவும் கற்றல். மணமான புதிதில் இவ்வலியைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்ணை நாணம் என்றும் பிடிவாதம் என்றும் பழிக்கும் குடும்பங்கள் இதைக் கருதுக.

அறுவை எளிது, முடித்துவிடலாம் என எண்ணுவோர் அண்மைக் கால வரலாற்றையும் நோக்க வேண்டும். இறங்கிய உறுப்பைத் தாங்கப் பிறப்பு வழியே செயற்கை வலை பொருத்தும் முறை மேலைநாடுகளில் பெருகிற்று. தீராத வலியோடு பெண்கள் நீதிமன்றம் ஏறினர். ஆஸ்திரேலியா 2017இலும், பிரிட்டன் 2018இலும் அவ்வலைகளுக்குத் தடையும் நிறுத்தமும் விதித்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. அடி முற்றும் இறங்கியவர்க்கு அறுவை வேண்டியிருக்கலாம். தாங்கு வளையம் பொருத்துவதும் ஒரு வழி. பயிற்சி எல்லா இறக்கத்தையும் ஏற்றிவிடும் என்று நாம் கூறவில்லை. 2014இல் லான்செட் வெளியிட்ட ஆய்வில் 447 பெண்களிடம் கண்டது, தனிப்பட்ட பயிற்சியால் இறக்கத்தின் உபாதை தணிகிறது என்பதே. கத்தியைக் கையில் எடுக்குமுன் பயிற்சிக்கு வாய்ப்பளிப்பது முறை.

இனி நம் அரசுக்கு வருவோம். குறை கூறுமுன் புகழ வேண்டியதைப் புகழ்வோம். விடுதலை பெற்ற 1957இல் இந்நாட்டில் 1 இலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டனர். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அவ்வெண் முப்பதுக்கும் கீழே இறங்கியது. ஊர்தோறும் சென்ற தாதியரும் மருத்துவச்சியரும் ஆற்றிய அருஞ்செயல் அது. உயிர் பிழைத்த தாய் எப்படி வாழ்கிறாள் என்னும் கேள்வி இப்போது எழ வேண்டும்.

2023 சனவரி 1 முதல் தனியார் துறைப் பெண்களின் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது 14 வாரம். தசைப் பயிற்சிக்கு வேண்டியது 3 மாதம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க எவர்க்கும் தோன்றாதது வியப்பே. மகப்பேறு முடிந்து 6 வாரம் ஆனதும் செய்யும் சோதனையில், தையல் ஆறிற்றா, குருதி அழுத்தம் சீரா என்று கேட்பதோடு, சிறுநீரோ மலமோ கசிகிறதா, அடியில் கனம் தெரிகிறதா என்றும் கேட்டல் வேண்டும். ஆம் என்ற விடை வந்தால், இயன்முறை மருத்துவரைக் காணும் நாள் அங்கேயே குறிக்கப்பட வேண்டும். பிரான்சில் மகப்பேற்றுக்குப் பின் இத்தகைய 10 அமர்வுகளைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது. நம் நாட்டில் அரசு மருத்துவமனையில் குடிமக்கள் வெளிநோயாளராக 1 வெள்ளியும், நிபுணரைக் காண 5 வெள்ளியும் செலுத்தும் மரபு இருந்து வருகிறது. 2016ஆம் ஆண்டின் துணைநலப் பணியாளர் சட்டம் இயன்முறை மருத்துவர்க்குச் சட்டத் தகுதியும் அளித்துவிட்டது. சட்டம் உண்டு, கட்டணம் சிறிது. தேவைப்படுவது, இத்துறையில் பயின்ற பெண்களைச் செபராங் பிறையின் சுகாதார மையங்களுக்கு முறை வைத்தேனும் அனுப்பும் ஓர் ஆணை.

6 வாரச் சோதனைக்குப் பின் தொடங்கும் பயிற்சியின் பிற்பகுதி, தாய் வேலைக்குத் திரும்பிய பிறகே நிகழும் என்பதை மறுப்பதற்கில்லை. அங்கேதான் ஆலைகளின் பொறுப்பு. மாதம் ஓரிரு முறை மருத்துவரைக் காண அரைநாள் விடுவதும், கழிப்பறைக்குச் செல்பவளின் நிமிடங்களை எண்ணாதிருப்பதும் அவற்றுக்குப் பெருஞ்செலவாகா.

இளந்தாயரோடு இது முடிவதன்று. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் இந்நோய் இன்னும் மிகுதி. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏற ஆசையிருந்தும், வரிசையில் நிற்க அஞ்சி வீட்டிலிருந்தே கைகூப்பும் மூதாட்டியர் உளர். கசிவு நேர்ந்தால் மீண்டும் தூய்மை செய்துகொண்டு தொழுகைக்கு நிற்க வேண்டிய மலாய்ப் பெண்ணின் வருத்தமும் அதுவே. வயதானால் இப்படித்தான் என்று மகனும் மகளும் சொல்லிவிடுகின்றனர். எழுபதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும்.

சகோதரியரே, தாதியிடமோ மருத்துவரிடமோ இதை எப்படிச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு உண்டு என்பதை அறிவோம். தமிழறிந்தவர் எதிரே இருந்தால், இருமினால் சிறுநீர் கசிகிறது என்று அவ்வளவே சொல்லுங்கள். இல்லையேல் மலாயில் இப்படிச் சொல்லுங்கள்: "ஆயர் கெஞ்சிங் தெர்கெலுவார் பிலா சாயா பாத்தோக்." அதன்பின் ஃபிசியோதெராப்பி என்ற ஒரு சொல்லையும் சேர்த்து, அங்கு அனுப்பும் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள்.