வாக்கு வந்தது, ஆட்சி வந்ததா?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் லயத்துக்குச் செல்லும் பாதை மழையில் அறுந்துபோனால், தொழிலாளி எவரிடம் முறையிடுவது? நகரத்தாருக்கு நகர சபை உண்டு. கிராமத்து விவசாயிக்குப் பிரதேச சபை உண்டு. கொழுந்து பறிக்கும் தாய்மாரோ நெடுங்காலம் துரையின் பங்களாவையே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

இந்நிலை தானே வந்ததன்று. சட்டம் ஆக்கிய நிலை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீர வழி பிறந்தது.

குடியுரிமை வந்தும் ஆட்சி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணிகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செல்லத் தடையாய் நின்றது. வாக்களித்தவரின் வாசலுக்கே உறுப்பினர் ஒரு படி கட்டிக் கொடுக்க முடியவில்லை! 2018இல் அத்தடை நீக்கப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகளுக்கும் அவ்வாண்டே தேர்தல் நடந்தது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் தடையை நீக்குவது வேறு. கடமையை விதிப்பது வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கு உரியது எது? பலருக்கு உறுதியும் இல்லை. சொந்தமென்று சொல்ல ஒரு முகவரியும் இல்லை.

சபைகளிடம் பணமில்லை என்பர். தேயிலை ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தருகிறதே! அதில் ஒரு பங்கு, அதைப் பறித்தவரின் பாதைக்கு ஆகாதா?

நாம் கேட்பன மூன்று. லயங்களும் வீட்டுத் தோட்டங்களும் குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டு, குடியிருப்போர் பெயரில் உறுதி எழுதப்படவேண்டும். தோட்டப் பாதைகளும் குடிநீரும் உரிய நிதியுடன் சபைகளின் பொறுப்பாகவேண்டும். தோட்டக் குடியிருப்புகள் கிராமங்களாகப் பதியப்படவேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் வயலுக்கு வரம்பு கட்டும் விவசாயியே, அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும் அன்பரே! உங்கள் வீட்டுப் பாதைக்காக எந்தக் கம்பனியிடமும் நீங்கள் கையேந்துவதில்லை. மலையகத்தாரும் அவ்வாறு வாழும் நாளே இந்நாட்டில் மக்களாட்சி நிறைவுறும் நாள்.