லிங்க் விலைக்கு வாங்கலாமா?

மஞ்சள், நாட்டுச் சர்க்கரை, பாரம்பரிய நெல், செக்கு எண்ணெய் முதலியவற்றை மண்டிக்குக் கொண்டு போகாமல் தாமே நேரடியாக விற்கும் விவசாயிகள் பலர் இப்போது சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றுக்கும் தளம் இருக்கிறது. தளம் தொடங்கிய சில வாரங்களில் போன் வரும். "ஐயா, உங்கள் தளம் கூகுளில் பத்தாவது பக்கத்தில் கிடக்கிறது. ஆயிரம் லிங்க் போட்டுத் தருகிறோம், முதல் பக்கத்துக்கு வந்துவிடும்" என்பார்கள். பாதிப் பணம் முன்னதாகவும் மீதி வேலை முடிந்த பிறகும் என்று பேச்சு நடக்கும்.

இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

லிங்க் என்பது, ஒருவர் தம் தளத்தில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, அதைத் தொட்டால் உங்களிடம் வந்து சேரும்படி செய்து வைப்பது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவர் 1998-ல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இதையே தரம் பிரிக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பலர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினால் அது சிறந்த கட்டுரை என்று கொள்கிறோம் அல்லவா, அதே கணக்கு. விதை நெல் வாங்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நாலு பேரும் ஒரே ஆளைக் கைகாட்டினால் அவரிடம் போகிறோம்.

எல்லாச் சாட்சிக்கும் ஒரே மதிப்பு இல்லை. பலர் மதிக்கும் தளம் ஒன்று கொடுக்கும் ஒரு லிங்க், யாரும் எட்டிப் பார்க்காத நூறு தளங்களின் லிங்கைவிடப் பெரிது. தவிர, ஒரு பக்கத்திலிருந்து எத்தனை லிங்க் வெளியே போகிறதோ அத்தனை பங்காக அதன் மதிப்பு பிரியும் என்பதும் அவர்கள் முதலில் வகுத்த கணக்கு. ஒரு மடைத் தண்ணீரை ஐந்நூறு வயலுக்குத் திருப்பினால் எந்த வயலும் நனையாது. விலைக்கு லிங்க் விற்கும் தளங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இதில் பெரிய கை ஒன்று சுட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். ஜே.சி.பென்னி என்பது அமெரிக்காவின் பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் கடை நிறுவனம். 2010 கடைசியில், கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில், உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அதுவே முன்னால் நின்றது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விசாரித்து 2011 பிப்ரவரியில் விவரத்தை வெளியிட்டது. சூதாட்டம், அணுப் பொறியியல் என்று துணிக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான லிங்குகள் அந்தக் கடைக்குப் போடப்பட்டிருந்தன. கூகுள் நடவடிக்கை எடுத்தது. 59 தேடல் சொற்களுக்குச் சராசரியாக 1.3-ஆம் இடத்தில் இருந்த கடை, பத்தே நாளில் 52-ஆம் இடத்துக்குப் போய்விட்டது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, தளத்தைக் கவனித்து வந்த ஆலோசனை நிறுவனத்தை அந்தக் கடை விலக்கியது. அவ்வளவு பெரிய கடை இன்னோர் ஆலோசகரை வைத்துக்கொள்ளும். இரண்டு ஏக்கர்க்காரர் என்ன செய்வார்?

2012 ஏப்ரலில் கூகுள் இத்தகைய போலி லிங்குகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2016 முதல் அவற்றைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுகிறது. ஆகவே இன்று லிங்க் வாங்கினால் தண்டனை வந்தே தீரும் என்று நான் பயமுறுத்தவில்லை. பல சமயம் ஒன்றுமே நடக்காது. பணம் மட்டும் போயிருக்கும். விளம்பரம் கொடுப்பது வேறு. விளம்பரம் என்று குறியிட்டுப் பணம் கொடுத்துப் போடுவதில் கூகுளுக்குத் தடை இல்லை. ஆனால் அது தரவரிசைக்கு உதவாது.

பிறகு என்னதான் வழி? உங்கள் சரக்கை உண்மையில் அறிந்தவர்களிடம் கேளுங்கள். உங்களிடம் அரிசி வாங்கி விற்கும் நகரத்துக் கடைக்குத் தளம் இருக்கும். "இது இன்னாரின் வயலில் விளைந்தது" என்று எழுதி உங்கள் முகவரியைச் சேர்க்கச் சொல்லலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம், உங்கள் நிலத்தில் செயல்விளக்கத் திடல் போட்ட வேளாண் அறிவியல் நிலையம், உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகை ஆகியவையும் அப்படியே. பத்திரிகைகள் ஊர்ப் பெயரைப் போடும். தள முகவரியை விட்டுவிடும். ஒரு கடிதம் எழுதினால் சேர்ப்பவர்கள் உண்டு. பேஸ்புக், யூடியூப் லிங்குகள் வாடிக்கையாளரை அனுப்பும், தரவரிசைக்குப் பெரும்பாலும் சேராது. அதனால் அவை வீண் என்று நினைக்க வேண்டாம், நமக்கு வேண்டியது வாடிக்கையாளர்தானே.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிறர் எடுத்துக் காட்டும்படி உங்கள் தளத்தில் ஏதாவது இருக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவின் மருத்துவ குணம் என்று ஒரே வாசகத்தை ஆளுக்கு ஆள் நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு யார் லிங்க் கொடுப்பார்கள்? ஏறக்குறைய 160 நாள் பயிரான அது உங்கள் வயலில் எந்தத் தேதியில் விதைக்கப்பட்டது, எத்தனை கிலோ விதை, உயரமாக வளர்ந்து எந்த மழையில் சாய்ந்தது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, அரைத்தால் எவ்வளவு அரிசி என்று ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு வேறு எவரிடமும் கிடையாது. அந்த ரகத்தைப் பயிரிட நினைக்கும் விவசாயியும், அதைப் பற்றி எழுதும் மாணவரும் தேடி வந்து எடுத்துக் காட்டுவார்கள். மெதுவாகத்தான் நடக்கும்; ஒரு போகத்தில் பலன் தெரியாமலும் போகலாம்.

'மஞ்சள் தூள்' என்ற பொதுச் சொல்லுக்கு முதல் பக்கம் வர ஆசைப்படுவதும் வேண்டாம். அங்கே பெரிய கம்பெனிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனம் இப்படி யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் உங்கள் ஊர்ப் பெயரையும் ரகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுகிறவரை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். வாங்கும் எண்ணத்தோடு வருகிறவரும் அவரே. கூகுள் வரைபடத்தில் உங்கள் விற்பனை இடத்தைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. அதையே செய்யாமல் லிங்க் வாங்கப் போகிறவர்களைப் பார்க்கிறோம்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், தளத்தின் பெயர் தங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலும், கூகுள் நடவடிக்கை ஏதும் எடுத்திருந்தால் அந்த அறிவிப்பும் தெரியும். படித்த பிள்ளை யாராவது பத்து நிமிடத்தில் திறந்து காட்டிவிடுவார். பட்டியலில் ஐந்து தளங்களைத் திறந்து பாருங்கள். அவற்றில் மனிதர் படிக்கும்படி எதுவும் இல்லையென்றால் மீதிப் பணத்தை நிறுத்திவிடுங்கள்.