மாடிப்படி விளக்கு யாருடைய மீட்டரில் எரிகிறது?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இரவுகளில் கரண்ட் போனால் வீட்டுக்குள் எமர்ஜென்சி லைட் எரிகிறது, செல்போன் டார்ச் இருக்கிறது. மாடிப்படியில்தான் ஒன்றும் இல்லை. வயதானவர்களும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்களும் சுவரைத் தடவித் தடவி இறங்குகிறார்கள்.

செங்கம் மாதிரி ஊர்களில் மாடிக் கட்டடம் என்றால் பெரும்பாலும் கீழே கடை, மேலே நாலைந்து வாடகைக் குடும்பங்கள். படிக்கட்டு எல்லோருக்கும் பொது. அதனாலேயே அதன் விளக்கு யாருக்கும் சொந்தமில்லை. ஹவுஸ் ஓனர் வாடகைக்காரர் கட்டட்டும் என்கிறார், வாடகைக்காரர் ஓனரைக் காட்டுகிறார். ஃபியூஸ் போன பல்பு மாதக்கணக்கில் தொங்குகிறது.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாறியபோது இந்த இழுபறி கூடியது. அதுவரை வீட்டுக் கட்டணத்தில் வந்த பொதுப் பயன்பாட்டு இணைப்புகளுக்கு யூனிட் 8 ரூபாய் என்றானது, அடுத்த ஆண்டு 8.15. பல இடங்களில் முதலில் அணைந்தது படிக்கட்டு விளக்குதான். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5.50 ரூபாயாகக் குறைப்பதாக 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நம் ஊர்க் கட்டடங்கள் பலவும் இந்த அளவுக்குள் வருபவை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு மூன்று, இரவு முழுக்க 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்கூட வராது. 2023-இல் அறிவித்த அந்த 5.50 ரூபாய்க் கணக்கில் சுமார் 107 ரூபாய். ஐந்து குடும்பங்கள் பிரித்தால் தலைக்கு 21 ரூபாய்ச் சொச்சம். பழைய சோக் வைத்த டியூப்லைட்கள் என்றால் நூறு யூனிட்டைத் தாண்டிவிடும். பில்லை ஏற்றுவது டியூப்லைட்டும் தண்ணீர் மோட்டாரும்தான். எல்இடி பல்பை அணைத்து யாரும் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் டைமரோ மோஷன் சென்சாரோ போடலாம். பாரிஸில் வாழும் நம்மவர்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே பழைய அடுக்குமாடிகளில் பொத்தானை அழுத்தினால் சில நிமிடம் எரிந்து தானே அணையும். நேரத்தை மட்டும் இளவட்டங்களின் கால்வேகத்துக்கு வைக்காதீர்கள். முட்டிவலிக்காரர் நடுப்படியில் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

அவசர விளக்கில்தான் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் இன்வெர்டர் பல்பை வாங்கிப் படிக்கட்டு ஹோல்டரில் மாட்டிவிட்டு, பகலில் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். ஸ்விட்ச் ஆனில் இருந்தால்தான் அது சார்ஜ் ஏறும், கரண்ட் போகும்போது எரியும். டைமருக்குப் பின்னால் மாட்டினாலும் இதே கதிதான். ஆகவே தினசரி விளக்கு ஒரு லைனில், அவசர விளக்கு ஸ்விட்ச் இல்லாமல் நேராக வரும் இன்னொரு லைனில் என்று எலக்ட்ரீஷியனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று ஆள் இல்லாதபோது அணைய வேண்டியது, மற்றது கரண்ட் இல்லாதபோது எரிய வேண்டியது. ஒரே பல்பிடம் இரண்டு வேலையையும் கேட்கக் கூடாது.

மழைக்கு மட்டுமல்ல, தீ விபத்துக்கும் அவசர விளக்கு வேண்டும். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்தார்கள். தீ என்றால் நம்ப வேண்டியது படிக்கட்டைத்தான். அந்தப் படிக்கட்டு புகையிலும் இருட்டிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புகை மேலே தங்கும் என்பதால் கூரையில் ஒரு விளக்கு மட்டும் போதாது. படியை ஒட்டித் தாழ்வாகவும் ஒன்று இருப்பது நல்லது. செருப்பு ஸ்டாண்டும் காலி கேன்களும் வழியில் இருந்தால் எந்த விளக்கும் உதவாது.

மாதம் ஒருமுறை, இருட்டிய பிறகு, பொது லைனின் எம்சிபியை இறக்கிப் பாருங்கள். அவசர விளக்கு எரிகிறதா, ஒரு மணி நேரமாவது தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் கட்டடத்தில் இந்தச் செலவை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். சண்டையில்லாமல் நடக்கிற ஏற்பாடுகளை வரும் இதழ்களில் வெளியிட ஆசைப்படுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்