நலமாகி விட்டதென்று நிறுத்தாதீர்!



நான் மதரசாவில் பாடம் நடத்துபவன். கல்லூரியில் வரலாறு படித்தவன். மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் இம்மாதம் ஒரு நோயைப் பற்றியும் அதன் மருந்தைப் பற்றியும் எழுதும் கடமை எனக்கிருக்கிறது. காரணத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

2016ஆம் ஆண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் வேலை பார்த்து வந்த என் மூத்த சகோதரியின் மகனுக்கு நுரையீரலில் காசநோய் கண்டது. ஆறு மாத மருந்து. இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. மாலைக் காய்ச்சல் விட்டது. அப்போது ரமலான் பிறந்தது. "பிள்ளை இப்போ நல்லாத்தானே இருக்கான் தம்பி, நோன்பு முடியட்டும், மாத்திரையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சகோதரி. பூவிருந்தவல்லியில் அவனுக்குப் பெண் பேசிக் கொண்டிருந்த நேரம் அது. மாத்திரை வந்தவர் கண்ணில் படாதிருப்பதே நல்லது என்ற எண்ணமும் வீட்டில் இருந்தது. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யலாம் என்னும் சலுகையை ஆண்டுதோறும் மாணவர்க்குப் போதிக்கும் நான், அன்று வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன்.

பெருநாள் கழிந்தது. அதன்பின் நினைவு வந்த நாளில் மாத்திரை உண்டு. வராத நாளில் இல்லை. பிறகு அதுவும் நின்றது. சில மாதங்களில் இருமல் திரும்பி வந்தது, சளியில் இரத்தத்துடன். இம்முறை பழைய மருந்து கேட்கவில்லை.

மருந்து ஏன் கேட்பதில்லை?

நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு ஒன்று, ஐசோநியாசிட் என்னும் மருந்துக்கு இயல்பிலேயே அடங்காதது. வேறு சில மற்றொரு மருந்துக்கு அடங்காதவை. ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று அழிக்கட்டும் என்றுதான் பல மருந்துகளைச் சேர்த்துத் தருகின்றனர். ஒழுங்கின்றி உட்கொண்டாலோ, எளிய கிருமிகள் மடிய, அடங்காதவை பிழைத்துப் பெருகுகின்றன. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டு முதன்மை மருந்துகளுக்கும் அடங்காத நிலையையே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கின்றனர்.

மருந்தை விட்டவருக்கு மட்டுமே இது வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அத்தகைய நோயாளி இருமும் காற்றின் வழியே, ஒரு மாத்திரையும் விழுங்கியிராதவரையும் இது பற்றும். 2014 முதல் 2016 வரை நம் நாட்டில் நடந்த தேசிய ஆய்வில், புதிய நோயாளிகளுள் 2.84 விழுக்காட்டினரிடமும், முன்பு சிகிச்சை பெற்றவர்களுள் 11.60 விழுக்காட்டினரிடமும் இந்நிலை காணப்பட்டது.

சென்னை கண்ட உண்மை

1956இல் நம் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுவே. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் சிகிச்சையளித்தனர். வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் அறிவித்தனர். இடநெருக்கடியும் குறைந்த உணவும் உள்ள வீடுகளிலேயே இது நிகழ்ந்தது. அன்று முதல் உலகெங்கும் சானடோரியக் கட்டில்களின் தேவை குறைந்தது. ஆனால், உடல் தேறியதும் நோயாளி மருந்தை விட்டு விடுவதே வீட்டுச் சிகிச்சையின் பெரும் இடையூறு என்பதையும் சென்னை ஆய்வாளர்கள் கண்டனர். மருந்தை ஒருவர் கண்ணெதிரே உட்கொள்ளச் செய்யும் முறைக்கு இங்கே நடந்த ஆய்வுகளே வித்திட்டன.

கண்டறிவது எவ்வாறு?

நுண்ணோக்கி கிருமி இருப்பதைக் காட்டும். அது எம்மருந்துக்கு அடங்கும் என்பதைக் காட்டாது. எக்ஸ்ரே படமும் காட்டாது. முன்னர் சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து அறிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று சிபிநாட், ட்ரூநாட் என்னும் மரபணுச் சோதனைகள், கிருமி உண்டா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதைச் சில மணி நேரத்தில் கூறிவிடுகின்றன. பிற மருந்துகளுக்கு மேற்கொண்டு சோதனைகள் உண்டு. அரசு காசநோய்த் திட்டத்தில் இவையனைத்தும் இலவசம். தனியார் மருத்துவரிடம் சென்றாலும், "எதிர்ப்புத் தன்மைக்குச் சோதித்தாயிற்றா?" என்று முதல் மாத்திரைக்கு முன்பே கேளுங்கள். என் மருமகனுக்காக நாங்கள் அதைக் கேட்கவில்லை.

சிகிச்சை உண்டு

அவனுக்கு 2017இல் தொடங்கிய மருந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடித்தது. அதில் பல மாதங்கள் ஊசி. உயிர் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த ஊசி அவன் செவியைப் பெரிதும் பாதித்தது. இன்று பள்ளிவாசலின் பாங்கோசையை அவன் கேட்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்தே தொழுகைக்கு எழுகிறான். பேசிய பெண்வீடும் விலகிப் போயிற்று.

இன்று நிலை மாறியிருக்கிறது. பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த, ஊசியில்லாத ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. 2024இல் நம் அரசும் ஏற்றது. கர்ப்பிணிகள், சிறுவர் போன்ற சிலருக்கு வேறு மருந்துகள் தரப்படும். பாதம் மரத்துப் போதல், பார்வை மங்கல் தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. உணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

சகோதரிகளே! இரு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இவற்றுள் எது கண்டாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மகளின் நோயை மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சி மறைக்காதீர்கள். முறையாக மருந்துண்டு குணமானவரால் எவருக்கும் தீங்கில்லை. மறைக்கப்பட்ட நோயே வீடு முழுதும் பரவும்.

நோன்பு பற்றி ஒரு சொல். மெலிந்து தளர்ந்த நோயாளி நோன்பை ஒத்திவைக்கட்டும். உடல் தேறியவர், மருந்தை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னோ உட்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடமே கேட்கட்டும். எவ்வாறாயினும் ஒரு நாள் மருந்தும் தவறலாகாது. ஒவ்வொரு ரமலானுக்கு முன்னும் இதை நான் என் மாணவர்களின் பெற்றோரிடம் சொல்லி வருகிறேன். அன்று என் சகோதரியிடம் சொல்லத் தவறியது அது.