கேப் டவுன் இமாம் சொன்ன சாட்சி



ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் தியாகத்தை ஜும்ஆ மேடையில் விரித்துரைப்பது நம் உலமாப் பெருமக்களுக்குக் கைவந்த ஒன்று. சுடுமணலில் கிடத்தப்பட்டு, மார்பின்மீது பாறை ஏற்றப்பட்ட நிலையிலும் ஏக இறைவனின் பெயரையே மொழிந்த அந்த ஹபஷி அடிமையின் வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்காதார் எவர்? இதனை எழுதுவோனும் பல்லாண்டுக் காலம் அதனைச் சொல்லி வந்தவனே. ஆயினும், அதே ஆப்பிரிக்க மண்ணின் மக்களுக்காக, நம் தந்தையர் காலத்தில், ஓர் இமாம் தம் உயிரையே கொடுத்தார். அன்னாரின் பெயரை நம் மிம்பர்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்த இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் அவர்களையே குறிப்பிடுகிறோம்.

அந்நகரத்து முஸ்லிம்களின் வரலாறு தனிச்சிறப்புடையது. டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் அடிமைகளாகவும் கைதிகளாகவும் கொண்டு சென்று இறக்கிய மக்களின் வழித்தோன்றல்களே அவர்களுள் பலர். அவர்கள் 1794இலேயே அங்கே பள்ளிவாசல் கண்டனர். அடிமைத்தளையிலும் ஈமானைக் காத்த அச்சமுதாயம், 1948இல் நிறவெறி ஆட்சி வந்தபோது ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. வெள்ளையர் உச்சியிலும், கறுப்பின மக்கள் அடித்தட்டிலும், முஸ்லிம்களில் பெரும்பாலோர் இடைப்பட்ட படியிலும் நிறுத்தப்பட்டனர். இடைப்படியில் நிற்பவனுக்குக் கீழே இருப்பவனின் கூக்குரல் காதில் விழுவது அரிது.

அந்நாளில் அங்குள்ள உலமாக்களில் பலர் கூறிய வாதம் ஒன்றுண்டு. தொழுகைக்குத் தடையில்லை, நோன்புக்குத் தடையில்லை, ஹஜ்ஜுக்கும் போய் வருகிறோம்; எனவே ஆட்சியை எதிர்ப்பது மார்க்கக் கடமையாகாது, அதனால் குழப்பமே விளையும் என்பது அது. கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். கிதாபுகளிலிருந்து ஆதாரமும் காட்டலாம். ஆனால் நபி மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் அவையில் நின்று, ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரை விடுவித்துத் தம்முடன் அனுப்புமாறு கேட்டதைத் திருமறை பலவிடங்களில் எடுத்துரைக்கின்றதே. அதனை எங்கே வைப்பது? நீதியை நிலைநாட்டுவோராகவும், தமக்கும் தம் பெற்றோருக்கும் எதிரானதாயினும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி கூறுவோராகவும் இருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளையை எங்கே வைப்பது?

1955இல் கிளேர்மாண்ட் பகுதியின் அல் ஜாமிஆ பள்ளியில் இமாமாக அமர்ந்த அப்துல்லாஹ் ஹாரூன், இவ்விரண்டாம் வழியையே தேர்ந்தார். இளைஞர்களைத் திரட்டினார், பெண்கள் கல்வி பெற வழி செய்தார், 'முஸ்லிம் நியூஸ்' ஏட்டின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மக்களை நிறவாரியாகப் பிரித்துக் குடியமர்த்தும் சட்டம் மனிதத் தன்மையற்றது, இஸ்லாத்திற்கு முரணானது என்று 1961இல் பொதுமேடையில் அறிவித்தார். அச்சட்டத்தால் பின்னர் அவர் குடும்பமே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

நம் சிந்தனைக்குரிய பகுதி இதன்பிறகுதான் வருகிறது. கறுப்பின மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த லாங்கா, குகுலேத்து, நியாங்கா குடியிருப்புகளில் மற்றவர்கள் அனுமதிச் சீட்டின்றி நுழைய இயலாது. இமாம் அவர்களோ பிழைப்புக்காக ஓர் இனிப்புப் பண்ட நிறுவனத்தின் விற்பனையாளராகவும் பணியாற்றினார். அவ்வேலை அச்சீட்டைப் பெற்றுத் தந்தது. மிட்டாய் விற்கச் சென்றவர், 1960இல் ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சிக்குப்பின் சிறைப்பட்டவர்களின் இல்லங்களுக்கு உதவிப் பொருளும் கொண்டு சென்றார். லண்டனில் ஜான் காலின்ஸ் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் திரட்டிய நிதியும் அவர் கை வழியாக அவ்வீடுகளை அடைந்தது. உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் தம் வேதபோதகரை அழைக்கும் 'ம்ஃபுண்டிசி' என்ற சொல்லாலேயே இவரையும் அழைத்தனர்.

இது மார்க்கத்தில் புதுமையா? இல்லை. மக்காவில் ஏமனிலிருந்து வந்த ஒரு வணிகருக்குச் சேரவேண்டிய விலையைக் குறைஷிப் பெரும்புள்ளி ஒருவன் தர மறுத்தபோது, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் ஓர் உடன்படிக்கை நிறைவேறிற்று. 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்பது அதன் பெயர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்தபின்னும், அதற்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றார்கள். உடன்படிக்கை செய்தவர்களும் அந்த வணிகரும் எந்த மதத்தினர் என்று பெருமானார் கேட்கவில்லை.

1969 மே 28, மீலாது நாளன்று, பாதுகாப்புக் காவலர்கள் இமாமைக் கைது செய்தனர். விசாரணையின்றி, குடும்பத்தார் முகம் காணவும் விடாமல், 123 நாட்கள் அடைத்து வைத்தனர். செப்டம்பர் 27இல் மையித்தாகவே திருப்பித் தந்தனர். படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றனர். உடலில் 27 கன்றிய காயங்களும் விலா எலும்பு முறிவும் இருந்தன.

அந்த 123 நாட்களில் கேப் டவுனின் மிம்பர்கள் பெரும்பாலும் மௌனம் காத்தன. அஞ்சினார்கள் என்று எளிதில் தீர்ப்புரைக்க நமக்குத் துணிவில்லை. நாம் அங்கிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் பொதுமக்கள் மௌனம் காக்கவில்லை. செப்டம்பர் 29இல் 30,000க்கும் மேற்பட்டோர் அவருடைய சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பல மைல் தூரம் நடந்தே சுமந்து சென்று, மௌபிரே அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்தனர். பின்னர் லண்டன் புனித பவுல் தேவாலயத்திலும் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது.

அன்றிரவே கேப் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இமாமுக்காகப் பூமி நடுங்கிற்று என்று இன்றும் சொல்வார் உளர். அவர்களின் துயரத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், தம் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தியதை மறத்தலாகாது. பூமி நடுங்க வேண்டிய தேவையில்லை. மனிதர்கள் நடுங்காதிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

1970இல் நடந்த மரண விசாரணை, காயங்களிற் பெரும்பகுதி படியில் விழுந்ததால் ஏற்பட்டது என்றும், எஞ்சியவை எவ்வாறு நேர்ந்தன என்று கூற இயலவில்லை என்றும் முடித்துவிட்டது. அவருடைய துணைவியார் கலீமா அம்மையாரும் மக்களும் அதனை ஏற்கவில்லை. ஆட்சி மாறி, 2022இல் விசாரணை மீண்டும் தொடங்கிற்று. 2023 அக்டோபர் 9இல் நீதிபதி டேனியல் துலாரே, இமாம் அவர்கள் காவலில் செய்யப்பட்ட சித்திரவதையாலேயே இறந்தார்கள் என்று தீர்ப்பளித்தார். கலீமா அம்மையார் அதனைக் கேட்கவில்லை. கணவரை அடக்கம் செய்த நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 2019 செப்டம்பர் 29 அன்று, அவர்கள் இறையடி சேர்ந்திருந்தார்கள்.