காற்று யாருக்கும் சம்பளம் தருவதில்லை

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை ஒன்றில், சிறுகதைகளைப் பற்றிப் பேசவேண்டிய மாலைப்பொழுது முழுவதையும் அங்கு வராத ஓர் இளைஞன் எடுத்துக்கொண்டான். வந்திருந்தவர் அவன் தந்தை. எங்கள் நெடுநாள் நண்பர். சிற்றிதழ்களைச் சந்தா கட்டி வாங்கி, அட்டை போட்டுப் பாதுகாப்பவர். மகன் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறான். கல்லூரி வளாகத்திலேயே வேலையும் கிடைத்திருக்கிறது. பணியில் சேர்வதற்கு முன் ராமேஸ்வரம் போய் வருகிறேன் என்று கிளம்பியவன், அங்கே கைட்சர்ஃபிங் கற்றுக்கொண்டு, இங்கேயே பயிற்சியாளருக்கு உதவியாளாக இருந்துவிடுகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

“நானும் நாப்பது வருஷமா இலக்கியம் படிக்கிறவன்தான். பிடிச்சதைச் செய்னு நானே அவங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ஆனா இது பட்டம் விடுற வேலைய்யா” என்றார் நண்பர்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மகனோ மகளோ இருக்கிறார்கள் என்பதே காரணம். இக்கட்டுரை அந்த மாலையில் நாங்கள் சொல்லத் தவறியதைச் சொல்லும் முயற்சி. இதில் சாடப்படுபவர்களுள் நாங்களும் அடக்கம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

விருப்பத்தையும் தொழிலையும் பற்றி நம் சூழலில் இரண்டு வேதங்கள் ஓதப்படுகின்றன. முதலாவது பழையது. முதலில் வேலை, பிறகு வீடு, பிறகு கல்யாணம், மிச்சமிருந்தால் விருப்பம். நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் நிற்பது இந்த வேதத்தின் மீதுதான். இரண்டாவது புதியது, சுயமுன்னேற்றப் பேச்சாளர்களின் மேடைகளில் பிறந்தது. விருப்பத்தையே தொழிலாக்கு, பணம் தானாகப் பின்னால் வரும் என்பது அது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோற்றமளிக்கின்றன. எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே நாணயத்தையே அளவுகோலாகக் கொண்டவை. விருப்பம் சம்பாதிக்காது, ஆகவே அது வீண் என்கிறது முதலாவது. சம்பாதிக்கும், ஆகவே அது மேன்மை என்கிறது இரண்டாவது. விருப்பத்துக்குத் தன்னளவில் ஒரு மதிப்பு உண்டு என்பதை இரண்டுமே ஏற்பதில்லை.

இதை வெறும் வாதமாக நிறுத்தாமல், அந்த இளைஞனைப் பிடித்துக்கொண்ட விளையாட்டின் வரலாற்றையே எடுத்துப் பார்க்கலாம். பலகையின் மீது நின்று, பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓடுவது விண்ட்சர்ஃபிங். பாய்க்குப் பதிலாக வானில் நிற்கும் பெரிய பட்டத்தின் கயிறுகளை இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொண்டு ஓடுவது கைட்சர்ஃபிங். இவற்றை உருவாக்கியவர்களின் கதைகளில் மேற்சொன்ன இரு வேதங்களும் செல்லுபடியாவதில்லை.

1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரு பலகையில் பாய் கட்டி ஓட்டினான். அவனுக்கு அது விடுமுறை விளையாட்டு, அவ்வளவுதான். 1964இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி தன் பலகையில் பட்டம்போன்ற வடிவமுள்ள பாயை நிறுத்தி ஓட்டினார். அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1965 ஆகஸ்டில் ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் எழுதி ஊருக்கே சொன்னார். காப்புரிமை வாங்கவில்லை, தொடங்கிய தொழிலும் நிலைக்கவில்லை. அவருடைய ஆவணங்கள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விருப்பத்தைத் தொடர்ந்தால் பணம் பின்னால் வரும் என்பவர்கள் டார்பியின் கணக்குப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் வைத்து விளக்குவார்கள்?

அடுத்தவர் ஜிம் டிரேக். கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர்; எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத் திட்டத்தில் பணியாற்றியவர். அவரும் கணினித் துறையிலிருந்த நண்பர் ஹாய்ல் ஷ்வைட்சரும் சேர்ந்து 1967இல் தங்கள் பலகையை நீரில் இறக்கினார்கள். வழக்கமான படகில் பாய்மரம் அசையாமல் நிற்கும். படகைத் திருப்புவது சுக்கான். டிரேக் சுக்கானை எடுத்துவிட்டார். எத்திசையிலும் சாயக்கூடிய ஒரு மூட்டினால் பாய்மரத்தைப் பலகையோடு இணைத்தார். பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். ஓட்டுபவனின் உடலே சுக்கான் ஆயிற்று. 1970இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. 1973இல் டிரேக் தன் பங்கை 36,000 டாலருக்கு ஷ்வைட்சரிடம் விற்றுவிட்டுத் தன் பொறியியலோடு வாழ்ந்தார்.

ஷ்வைட்சர்தான் விருப்பத்தை முழுத் தொழிலாக்கியவர். நிறுவனம் வளர்ந்தது, ஐரோப்பாவில் பலகைகள் பெருவாரியாக விற்றன. கூடவே வழக்குகளும் வளர்ந்தன. காப்புரிமையைக் காக்க நாடு நாடாக நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்த வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த சான்றுகளுள் ஒன்று, 1958இல் ஹேலிங் தீவுச் சிறுவன் விடுமுறையில் ஓட்டிய அந்தப் பலகை. இன்னொன்று டார்பியின் கட்டுரை. பிரிட்டிஷ் காப்புரிமை செல்லாமற்போயிற்று. காப்புரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சல்லிக்காசு எதிர்பாராத ஒரு பையனின் விளையாட்டு, ஒரு பெருநிறுவனத்தின் உரிமையைக் கவிழ்த்தது. வீண் பொழுதுபோக்கு என்று எதையும் எளிதில் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

பட்டத்தின் கதையும் இவ்வாறே. பிரான்ஸின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேனியூ சகோதரர்கள், நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழக்கூடிய, காற்றடைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினார்கள். அது விண்ட்சர்ஃபிங் உச்சத்தில் இருந்த காலம். பட்டத்தை யாரும் சீந்தவில்லை. 1997 வாக்கில்தான் அவர்களுடைய ‘விபிகா’ பட்டங்கள் சந்தையில் உண்மையாக இடம்பிடித்தன. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். எந்த மேடைப் பேச்சிலும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகள் இடம்பெறுவதில்லை. 1984 இருக்கும், 1997 இருக்கும். நடுவிலிருப்பதை ‘விடாமுயற்சி’ என்ற ஒற்றைச் சொல்லால் போர்த்திவிடுவார்கள்.

ஒரே பலகையைச் சுற்றி இத்தனை வாழ்க்கைகள். விளையாடிக் கடந்தவன் ஒருவன், ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தோற்றவர் ஒருவர், வேலையை விடாமல் கண்டுபிடித்தவர் ஒருவர், விருப்பத்தைத் தொழிலாக்கி நீதிமன்றங்களில் அலைந்தவர் ஒருவர், காத்திருந்தவர்கள் இருவர். இவர்களுள் யார் சரியாக வாழ்ந்தார் என்று வருமானத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியுமா? இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்துகொண்டே எழுதினார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு வந்து எழுதினார். இருவருக்கும் நம் அலமாரியில் ஒரே மரியாதை. அந்தப் பெருந்தன்மை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் இல்லாமற்போகிறது? பாரதியின் வறுமைக்கு மேடைதோறும் கண்ணீர் வடிக்கும் நாம், மகனின் வளாகத் தேர்வுக் கடிதத்தைச் சட்டகம் போட்டு மாட்டுகிறோம். இதை இரட்டை வேடம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

சுயமுன்னேற்றக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இன்னொரு வாசகம் உண்டு. உள்ளம் இழுக்கும் திசையில் காற்றைப்போல் போ என்பார்கள். காற்றோடு பழகிய எவரும் இதைச் சொல்ல மாட்டார். காற்று போகும் திசையில் மட்டும் போகத் தெரிந்தவன், கிளம்பிய கரைக்குத் திரும்பவே முடியாது. அவனை மீட்கப் படகுதான் வரவேண்டும். காற்று வரும் திசைக்கு நேரே எதிராகவும் எந்தப் பாயும் ஓடாது. ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை விலகி, இப்பக்கம் சிறிது, அப்பக்கம் சிறிது என்று வளைந்து வளைந்தே எதிர்க்காற்றில் ஏறவேண்டும். இந்த வித்தையைக் கற்க நாளாகும். கைட்சர்ஃபிங் கற்க வருபவனுக்கு முதலில் பலகையே தரப்படுவதில்லை. மணலில் நின்று சிறிய பட்டத்தை ஆளப் பழகவேண்டும். பிறகு பலகையில்லாமல் நீரில் இழுபடப் பழகவேண்டும். ஆபத்தில் பட்டத்தைத் தன்னிடமிருந்து விடுவித்துக்கொள்ளும் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டும் தொட்டறியத் தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பின்பே பலகை. விருப்பம் என்பது உணர்ச்சிப் பெருக்கு அன்று, ஒழுங்கு என்பதை அந்த மணல்வெளி எந்தப் பேச்சாளரைவிடவும் தெளிவாகக் கற்பிக்கிறது.

அந்த ஒழுங்கு ஒரு தனிமனிதனின் மன உறுதியால் மட்டும் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங்கில் தங்கம் வென்ற லீ லாய்-ஷான், ஹாங்காங்கின் சுங் சாவ் என்னும் சிறு தீவில் வளர்ந்தவர். அந்நகரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவருக்குக் கற்றுக்கொள்ளக் கடற்கரையும், கற்றுத்தர மாமாவும் இருந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் கைட்சர்ஃபிங் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் வெண்கலம் வென்ற சிங்கப்பூரின் மேக்ஸ் மேடருக்கு அப்போது வயது பதினேழு. அந்தப் பதக்கம் கிடைத்த ஆகஸ்ட் 9 அவருடைய நாட்டின் தேசிய தினம். கட்டாய ராணுவ சேவையில் எளிதில் விலக்களிக்காத அந்த அரசு, அவருக்கு அதைத் தள்ளிவைக்க அனுமதித்தது. நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்ற இபாத் அலி, கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்காரர். போபால் ஏரியில் அந்த மாநிலம் நடத்தும் பயிற்சிக்கூடம் உருவாக்கியவர்.

ஏரி இருந்தால் போதும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டர் கரையுள்ள நாம் கடலை என்னவாக வைத்திருக்கிறோம்? மாலையில் சுண்டல் தின்னும் இடமாக. கொண்டல், கோடை, தென்றல், வாடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. மரங்களைக் கட்டி, அதன்மேல் பாய் விரித்துப் பிழைத்த நம் கடலோர மக்களின் கட்டுமரம் என்ற சொல்லையே ஆங்கிலம் கடன் வாங்கிக்கொண்டது. அவர்கள் செய்ததை நம் படித்த வர்க்கம் ஒருநாளும் கலையென்றோ அறிவென்றோ கருதியதில்லை. அது ‘அவர்கள்’ பிழைப்பு, அவ்வளவே. நண்பரின் ‘பட்டம் விடுற வேலை’ என்ற சொல்லில் ஒலித்ததும் அந்தப் பழைய இளக்காரம்தான். வெயிலில் நின்று, உடலால், உப்புநீரில் செய்வதெல்லாம் தாழ்ந்தது என்னும் இளக்காரம்.

நண்பரின் அச்சத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஒரு முழுத் தொகுதி உபகரணம் லட்சத்தைத் தாண்டும். ராமேஸ்வரத்தில் கோடையில் தென்மேற்குக் காற்றும் குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் வருமானமும் காற்றோடு ஓய்ந்துவிடும். தோள்மூட்டு விலகினால் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. இவை எல்லாவற்றையும் அவனிடம் கேட்கத்தான் வேண்டும். நாங்கள் மறுப்பது, இவற்றை மட்டுமே கேட்பதை. இந்த இரண்டு மாதத்தில் நீ என்ன கற்றாய், எதில் தோற்றாய், தோற்ற பிறகும் மறுநாள் காலையில் ஏன் எழுந்து போனாய் என்று அவன் தந்தை கேட்கவில்லை. அன்று மாலை அங்கிருந்த நாங்கள் எவரும் கேட்கச் சொல்லவும் இல்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே: “மாசம் எவ்வளவு வரும்?”

காற்று யாருக்கும் சம்பளம் தருவதில்லை. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவனுக்கும் அது தருவதில்லை. ஒரு வேறுபாடு, அவன் அதைக் கேட்பதே இல்லை. அந்த இளைஞன் ஓராண்டில் திரும்பி வரலாம். பொறியாளனாகி விடுமுறைகளில் மட்டும் கடலுக்குப் போகலாம். டிரேக் அப்படித்தான் வாழ்ந்தார், குறைந்துபோய்விடவில்லை. கிழிந்த பட்டங்களைச் சரிசெய்து, தன் இயந்திரவியலை அங்கேயே பயன்படுத்தியும் வாழலாம். எது நடந்தாலும் அது அவன் வளைந்து வளைந்து ஏறிய பாதையாக இருக்கும். அதைத் தோல்வி என்றோ வெற்றி என்றோ எழுதிவைக்கக் கரையில் அமர்ந்திருக்கும் நமக்கு உரிமையில்லை.

நண்பர் அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறார், மகனை அழைத்துவர. போகட்டும். அழைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் மணலில் நின்று அவன் செய்வதைப் பார்த்துவிட்டு, பிறகு பேசுங்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு நாவலுக்கு அவர் தரும் பொறுமையில் பாதி போதும்.