மேஜை இங்கே, சாவி எங்கே?

ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் பராமரித்து அலுத்த ஸ்தாபனங்கள் பலவும் இன்று வேறொரு முறையைக் கைக்கொண்டு வருகின்றன. குமாஸ்தாவின் மேஜைமீது திரையும் விசைப்பலகையும் மட்டுமே இருக்கும். அவருடைய கம்ப்யூட்டரோ தூரத்திலுள்ள ஸர்வருக்குள் மென்பொருள் வடிவில் இயங்கும். அவர் தட்டும் எழுத்து அங்கே போகிறது. திரைத் தோற்றம் இங்கே வருகிறது. இதற்கு டெஸ்க்டாப் விர்ச்சுவலிஸேஷன் என்று பெயர்.

இதன் அனுகூலங்களை நாம் மறுக்கவில்லை. ஆயிரம் யந்திரங்களில் செய்யவேண்டிய திருத்தத்தை ஒரு மூலப் பிரதியில் செய்தால் போதும். மடிக்கணினி களவு போனாலும் தஸ்தாவேஜுகள் களவு போவதில்லை. 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் ஒதுக்கப்படும் பழைய யந்திரங்களும் லினக்ஸ் ஏற்றப்பட்டு வெறும் திரையாக இன்னும் சில காலம் உழைக்கலாம். காலையில் அனைவரும் ஒரே சமயத்தில் நுழைந்தால் ஸர்வர் திணறும் என்பது மெய்யே. ஆயினும் அது இன்ஜினீயர்கள் தீர்க்கக்கூடிய குறை.

அவர்களால் தீர்க்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. இத்துறையில் முதன்மை பெற்றிருந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் விலைக்கு வாங்கியது. மறுமாதமே நிரந்தர உரிமை விற்பனை நின்றது. இனி சந்தா மட்டுமே என்றாயிற்று. டெஸ்க்டாப் பிரிவு 2024-ல் சுமார் 400 கோடி டாலருக்குக் கேகேஆர் முதலாளிகளிடம் கைமாறி ஆம்னிஸா ஆயிற்று. சொந்த வீடென்று எண்ணியிருந்தவர்கள் வாடகைக் குடிகளானார்கள்.

நம் நாட்டிலேயே நிகழ்ந்ததையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில், ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் பங்கு வகிக்கும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோஸாப்ட் அதற்கு அளித்துவந்த மின்தபால் முதலிய சேவைகளை நிறுத்தியது. கம்பெனி டில்லி ஹைகோர்ட்டை நாடிய பின்னரே அவை திரும்பின. நின்றவை தபால் முதலிய சேவைகளே. மேஜைக் கம்ப்யூட்டர்களும் அன்னியர் ஸர்வரில் இருந்திருந்தால் ஆபீஸ் முழுவதுமல்லவா பூட்டப்பட்டிருக்கும்?

ஆகவே இம்முறையைத் தள்ளவேண்டும் என்பது நமது அபிப்பிராயமன்று. சர்க்கார் இலாகாக்களும் பாங்குகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று நிபந்தனைகளை வற்புறுத்த வேண்டும். ஸர்வர்கள் நம் நாட்டு எல்லைக்குள், நம் ஆட்கள் கையில் இருக்க வேண்டும். விலையோ சேவையோ மாறுமாயின் நீண்ட முன்னறிவிப்புத் தரவேண்டும். தஸ்தாவேஜுகளை முழுதும் பெயர்த்துக்கொண்டு போகும் உரிமை வேண்டும். கேவிஎம் போன்ற திறந்த மென்பொருளில் மாற்று வழியொன்றை அமைத்து, ஆண்டுக்கொருமுறை அதில் வேலை செய்தும் பார்க்க வேண்டும். செலவு சற்று ஏறலாம். பூட்டிய கதவின்முன் நின்று பேரம் பேசுவதைவிட அது மலிவே.